ரோஜா வளர்க்கப் போன இன்ஸ்பெக்டர்

ஒரு குழந்தையின் கொலை, காணாமல் போன ஓர் இரவு உடை, நாடே எள்ளி நகையாடிய ஒரு போலீஸ் அதிகாரி. ஓய்வுபெற்ற துப்பறிவாளர் என்ற பாத்திரம் ஆங்கிலக் கதைகளுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

1864 மார்ச்சில் ஸ்காட்லாந்து யார்டின் துப்பறியும் பிரிவிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றார். வயது 49. காரணமாகக் காட்டப்பட்டது 'மூளையில் ரத்தத் தேக்கம்'. மன உளைச்சலால் ஒடிந்துபோனவர்களுக்கும் அந்தக் கால மருத்துவர்கள் எழுதித் தந்த நோய்தான் அது. ஆண்டுக்கு 133 பவுண்டு சொச்சம் பென்ஷன். பெயர் ஜோனதன் விச்சர்.

பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1865 ஏப்ரல் 25 அன்று, லண்டன் போ தெரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு ஒரு பாதிரியாரும் இல்லத் தலைவி ஒருவரும் உடன்வர 21 வயது இளம்பெண் ஒருத்தி வந்தாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தன் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியைக் கொன்றது தான்தான் என்றாள். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது என்றாள். அவள் பெயர் கான்ஸ்டன்ஸ் கென்ட். 1860 ஜூலையில் இதே குற்றச்சாட்டின் பேரில் அவளைக் கைது செய்தவர் விச்சர். அந்தக் கைதுக்காகப் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. நாடாளுமன்றத்திலும் கண்டனம் எழுந்தது. அவருடைய உத்தியோக வாழ்க்கை அதன் பிறகு எழுந்து நிற்கவே இல்லை. தான் சொன்னது சரிதான் என்று தெரியவந்தபோது அவர் போலீஸ்காரராகவே இல்லை.

கதைகளில் ஓய்வுபெற்ற துப்பறிவாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஷெர்லக் ஹோம்ஸ் சசெக்ஸ் கடற்கரைப் பக்கம் தேனீ வளர்க்கப் போகிறார். அங்கேயும் ஒரு மர்மச் சாவு அவர் காலடியில் வந்து விழுகிறது. அகதா கிறிஸ்டியின் ஹெர்க்யூல் பாய்ரோ கிராமத்தில் பூசணி வகைக் காய் பயிரிடப் போய், 1926-இல் வந்த நாவலில் அண்டை வீட்டுக் கொலையில் மாட்டிக்கொள்கிறார். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் விக்டோரியா காலத்து சார்ஜென்ட் கஃப். அவர் ஓய்வுபெற்றுப் போனது ரோஜா வளர்க்க. கஃபுக்கு முன்மாதிரி என்று பெரும்பாலோர் சுட்டிக்காட்டும் மனிதர் விச்சர். அவர் தோட்டக்காரர் ஒருவரின் மகன் என்பது தற்செயலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

விச்சர் லண்டனின் தெற்கே கேம்பர்வெல்லில் 1814-இல் பிறந்தார். 1837-இல் போலீசில் சேர்ந்தார். 1842-இல் ஸ்காட்லாந்து யார்டில் துப்பறியும் பிரிவு தொடங்கப்பட்டபோது அதில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அந்த எட்டில் ஒருவர் இவர். சீருடை இல்லாமல் சாதாரண உடையில் திரியும் போலீஸ் என்றாலே அன்றைய ஆங்கிலேயருக்குப் பிடிக்காது. அது பிரெஞ்சுக்காரர்களின் ஒற்றர் வேலை, சுதந்திர மனிதர்களின் நாட்டுக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் ஊறியிருந்தது. அந்த வெறுப்பை ஓரளவு மாற்றியவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1850-இல் துப்பறியும் பிரிவினரைத் தன் பத்திரிகை அலுவலகத்துக்கு வரவழைத்து, விடிய விடியக் கதை கேட்டு, அவர்களைப் பற்றி வியந்து எழுதினார். அதில் 'விட்செம்' என்று லேசாகப் பெயர் மாற்றி இடம்பெற்றவர் விச்சர்தான். குட்டையான, கட்டுமஸ்தான, அம்மைத் தழும்பு முகத்து மனிதர். மனத்துக்குள் சதா கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர் போன்ற தோற்றம்.

இப்படிப் பத்தாண்டு காலம் புகழில் இருந்தவரைத்தான் 1860 ஜூலையில் ரோடு என்ற கிராமத்துக்கு அனுப்பினார்கள்.

வில்ட்ஷயர், சோமர்செட் மாவட்டங்களின் எல்லையில் இருந்தது அந்தக் கிராமம். ஊரின் பெரிய வீடு ரோடு ஹில் ஹவுஸ். அதில் வாழ்ந்தவர் சாமுவேல் கென்ட், அரசாங்கத்தின் தொழிற்சாலை உதவி ஆய்வாளர். ஆலைகளில் குழந்தைகளை அளவுக்கு மீறி வேலை வாங்குகிறார்களா என்று சோதனை செய்யும் உத்தியோகம். ஊரில் அவரைப் பிடித்தவர்கள் குறைவு. அவருடைய முதல் மனைவி 1852-இல் இறந்தார். அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த மேரி பிராட் என்ற ஆசிரியையை அடுத்த ஆண்டே கென்ட் மணந்துகொண்டார். மூத்தாள் பிள்ளைகள் நால்வர், இளையாள் பிள்ளைகள் மூவர். யார் எந்த மாடியில் தூங்குகிறார்கள் என்பதிலேயே அந்தக் குடும்பத்தின் கதை தெரிந்தது. இளையாளும் அவள் குழந்தைகளும் நடுமாடியில். மூத்தாள் பிள்ளைகள் உச்சி மாடியில், வேலைக்காரிகளின் அறைகளுக்குப் பக்கத்தில்.

1860 ஜூன் 29 வெள்ளிக்கிழமை இரவு அந்த வீட்டில் தூங்கியவர்கள் 12 பேர். குடும்பத்தினர் ஒன்பது பேர், வேலைக்காரிகள் மூன்று பேர். கதவு, ஜன்னல்கள் எல்லாம் வழக்கம்போல உள்ளிருந்து தாழிடப்பட்டன. விடியற்காலை ஐந்து மணியளவில் தாதி எலிசபெத் கஃப் கண்விழித்தபோது, அதே அறையில் தூங்கிய மூன்று வயது சாவில் தொட்டிலில் இல்லை. தாய் தூக்கிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்து மறுபடியும் தூங்கிவிட்டாள். ஏழு மணிக்கு மேல் போய்க் கேட்டால், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த அந்தத் தாயிடம் குழந்தை இல்லை. கீழே வரவேற்பறை ஜன்னல் திறந்து கிடந்தது. ஊரே தேடியது. தோட்டத்தில் புதருக்கு மறைவாக இருந்த வேலைக்காரர் கழிப்பிடத்தில், கம்பளியில் சுற்றியபடி குழந்தையின் சடலம் கிடைத்தது. கழுத்து அறுக்கப்பட்டிருந்தது. மார்பில் ஒரு குத்து.

வெளியாள் யாரும் உள்ளே வந்த தடயம் இல்லை. அப்படியானால் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். இங்கிலாந்தை உலுக்கியது கொலையைவிட இந்த எண்ணம்தான். ஆங்கிலேயனுக்கு அவன் வீடு ஒரு கோட்டை என்பார்கள். கோட்டைக்குள்ளேயே கொலைகாரன் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

உள்ளூர்ப் போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் ஃபோலி செய்த விசாரணை பரிதாபத்துக்குரியது. கனவான் வீட்டுக்குள் எந்தக் கதவைத் தட்டலாம், எதைத் தட்டக்கூடாது என்று தயங்கித் தயங்கியே காலம் போயிற்று. கொலை நடந்த மறுநாள் இரவு காவலுக்கு வைத்த இரண்டு போலீஸ்காரர்களைச் சமையலறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார் வீட்டுக்காரர் கென்ட். அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. முதல் நாளே சமையலறை அடுப்புப் பொந்தில் ரத்தக்கறை படிந்த ஒரு பெண்ணின் உள்ளாடை போலீசுக்குக் கிடைத்தது. யாரோ வேலைக்காரியின் மாதவிலக்குக் கறையாக இருக்கும் என்று கூச்சப்பட்டு அதைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள். பிறகு அது மாயமாகிவிட்டது. தங்கள் மானம் போகும் என்று இந்தச் செய்தியை வெளியிலும் சொல்லவில்லை. லண்டனிலிருந்து வந்த விச்சரிடமும் சொல்லவில்லை. அது அம்பலமானது அவர் வழக்கைக் கைவிட்டுத் திரும்பிய பிறகுதான்.

விச்சர் வந்து சேர்ந்தபோது கொலை நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ரத்தக்கறையெல்லாம் துடைத்தாகிவிட்டது. அவருக்கு மிஞ்சியது ஒரு சலவைக் கணக்கு மட்டுமே.

கான்ஸ்டன்ஸுக்கு அப்போது 16 வயது. அவளிடம் மூன்று இரவு உடைகள் இருந்ததாகக் கணக்கு. இப்போது இருந்தவை இரண்டு. மூன்றாவது எங்கே என்று கேட்டால், கொலைக்கு அடுத்த திங்கட்கிழமை சலவைக்குப் போனது, சலவைக்காரி தொலைத்துவிட்டாள் என்பது பதில். சலவைக்காரியோ தன் கைக்கு அது வரவே இல்லை என்று சாதித்தாள். துணிகளைக் கூடையில் போட்டுக் குறித்துக்கொண்ட வேலைக்காரி சாரா காக்ஸ், அந்த இரவு உடையைத் தன் கையாலேயே போட்டதாகவும், அதில் கறை எதுவும் காணவில்லை என்றும் சொன்னாள். சரி, அப்போது வேறு ஏதாவது நடந்ததா? ஆம், ஒரு சின்ன விஷயம். கான்ஸ்டன்ஸ் வந்து, தன் பணப்பையைத் துணியோடு போட்டுவிட்டேனா பார் என்றாள். பார்த்தேன், இல்லை. பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டாள். கீழே போய் எடுத்து வந்தேன். அவ்வளவுதான்.

விச்சருக்கு அந்தத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. அவர் போட்ட கணக்கு இது: கொலையின்போது அணிந்திருந்த உடை ரத்தத்தில் நனைந்து அழிக்கப்பட்டுவிட்டது. அடுத்து எடுத்து அணிந்த சுத்தமான உடை திங்கட்கிழமை சலவைக் கூடைக்குப் போகிறது. வேலைக்காரி அதைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன அந்த ஒரு நிமிடத்தில் கான்ஸ்டன்ஸ் அதைக் கூடையிலிருந்து திரும்ப எடுத்துவிடுகிறாள். இனிக் கணக்கில் ஒன்று குறைந்தால் பழி சலவைக்காரி மேல் விழும். அதோடு, காணாமல் போனது கறையில்லாத உடை என்பதற்கு வேலைக்காரியே சாட்சி. அழிந்துபோன உடையின் இடத்தில் வேறொரு உடையைத் தொலைத்துக் காட்டும் தந்திரம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு புத்தி இருக்குமா என்று கேட்டவர்களுக்கு விச்சர் இன்னொன்றை நினைவூட்டினார். 1856-இல் கான்ஸ்டன்ஸும் அவள் தம்பி வில்லியமும் வீட்டைவிட்டு ஓடிப்போனார்கள். அவள் தலைமுடியை வெட்டிக்கொண்டு ஆண்பிள்ளை உடை போட்டுக்கொண்டாள். கழற்றிய உடையையும் வெட்டிய முடியையும் ஒளித்து வைத்த இடம், பின்னாளில் சடலம் கிடைத்த அதே கழிப்பிடம்.

ஜூலை 20 அன்று கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். ஒரு வாரம் கழித்து நடந்த விசாரணையில் வழக்கு சரிந்தது. கையில் உடை இல்லை, ஆயுதம் இல்லை, பார்த்தவர் இல்லை. வகுப்புத் தோழிகளிடம் அவள் தம்பியைப் பற்றி வெறுப்பாகப் பேசியது மட்டும் போதுமா? வக்கீல் எட்லின் எழுந்து, கூலிக்கு வேலை செய்யும் ஒரு லண்டன் போலீஸ்காரன் மாசற்ற பெண்ணின் வாழ்க்கையைப் பாழாக்கிவிட்டான் என்று முழங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. 200 பவுண்டு ஜாமீனில் அவள் வீட்டுக்குப் போனாள்.

உண்மையில் அந்த மண்டபத்தில் விசாரிக்கப்பட்டது விச்சர். தோட்டக்காரன் மகன் ஒருவன் கனவான் மகளின் உள்ளாடைப் பெட்டியைக் குடைந்தான் என்பதே அவர் மீதான குற்றப்பத்திரிகை. அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இருந்ததா என்று யோசித்தவர்கள் குறைவு. நாடு முழுக்க ஆளாளுக்குத் துப்பறிய ஆரம்பித்தார்கள். ஸ்காட்லாந்து யார்டுக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் யோசனைக் கடிதங்கள் குவிந்தன. டிக்கன்ஸுக்கும் ஒரு கட்சி இருந்தது. தகப்பனும் தாதியும் சேர்ந்திருந்ததைக் குழந்தை பார்த்துவிட்டது, அதனால் கொன்றார்கள் என்று நண்பர் வில்கி காலின்ஸுக்குக் கடிதம் எழுதினார். பத்தாண்டுக்கு முன் தான் தூக்கிவைத்த விச்சரின் பேச்சை அவரே நம்பவில்லை. தாதியும் ஒருமுறை கைது செய்யப்பட்டு விடுவிக்கப்பட்டாள். வழக்கு உறங்கிப்போயிற்று. விச்சரும் ஏறக்குறைய அப்படியே.

பிறகுதான் 1865-இன் வாக்குமூலம். கான்ஸ்டன்ஸ் பிரைட்டனில் ஒரு மதச் சார்பான பெண்கள் இல்லத்தில் தங்கியிருந்தாள். பாவமன்னிப்பு கேட்ட பாதிரியார் வாக்னரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நீதிமன்றத்தில் அவர், பாவமன்னிப்பில் கேட்டதைச் சொல்ல முடியாது என்று மறுத்தது தனியாக ஒரு புயலைக் கிளப்பியது. தந்தையின் சவரக்கத்தியை எடுத்ததையும், கறை போகாத இரவு உடையை எரித்ததையும் அவள் ஒப்புக்கொண்டாள். சலவைக் கூடைக் கணக்கு கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. சாலிஸ்பரி நீதிமன்றத்தில் ஜூலையில் குற்றத்தை ஏற்றாள். மரண தண்டனை விதித்த நீதிபதி வில்ஸின் கண்களில் நீர் வழிந்தது. தண்டனை பிறகு ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது.

விச்சர் பக்கம் திரும்பினால், அவரைப் பழைய வழக்கு விட்டாலும் தொழில் விடவில்லை. 1867-இல் ஒரு பணக்காரக் குடும்பத்தின் சார்பில் அவரைத் தனியார் துப்பறிவாளராக அமர்த்தினார்கள். அது அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய ஆள்மாறாட்ட வழக்கு. டிச்போர்ன் ஜமீனின் வாரிசு ரோஜர் 1854-இல் தென் அமெரிக்கக் கடலில் கப்பலோடு மூழ்கியதாக எல்லோரும் நம்பினார்கள், தாயைத் தவிர. அவர் உலகமெங்கும் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் வாகா வாகா என்ற ஊரிலிருந்து கசாப்புக்காரர் ஒருவர், நான்தான் உங்கள் மகன் என்று வந்து நின்றார். காணாமல் போன மகன் ஒல்லி, பிரான்சில் வளர்ந்து பிரெஞ்சு பேசியவன். வந்தவரோ பெருத்த உடம்பு, பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. தாய் அவரைக் கண்டதும் மகன் என்று ஏற்றுக்கொண்டார். பெற்ற மனம், என்ன சொல்ல!

விச்சர் பார்த்தது வந்தவரின் முகத்தையல்ல, அவர் வந்த நாளை. 1866 கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் இறங்கியவர், கோடீஸ்வரக் குடும்பத்தைத் தேடிப் போவதற்கு முன் அன்று மாலையே எங்கே போனார்? தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கூலிகள் வாழும் வாப்பிங் பகுதிக்கு. அங்கே ஒரு மதுக்கடையில் நுழைந்து ஆர்ட்டன் என்ற கசாப்புக்காரர் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். பிரபு வீட்டுப் பிள்ளைக்கு வாப்பிங் கசாப்புக்கடைக்காரர் மேல் என்ன பாசம்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, வந்தவர் ஆர்ட்டன் வீட்டுக் கடைக்குட்டி ஆர்த்தர் என்ற முடிவுக்கு வந்தார் விச்சர். மீண்டும் ஒரு சின்ன விஷயம், தண்ணீர் கிளாஸ் போல. மீண்டும் வசவு. ஏழை ஜனங்கள் அந்தக் கசாப்புக்காரரைத் தங்கள் நாயகனாக்கிக் கொண்டாடினார்கள். அவர்களுக்கு விச்சர் பணக்காரர்களின் கைக்கூலி. ரோடு வழக்கில் கனவான்களின் எதிரி என்று ஏசப்பட்டவருக்கு இப்போது இந்தப் பட்டம். ரோடு விஷயத்தைப் போல இந்த அவதூறும் தன் ஆயுளுக்குள் தீருமா தெரியாது, ஆனால் அவன் ஆர்த்தர் ஆர்ட்டன் என்பது மட்டும் நிச்சயம் என்ற பொருளில் அவர் ஒரு கடிதம் எழுதினார். இந்த முறை தீர்ந்தது. 1874 பிப்ரவரியில் நீதிமன்றம் அதையே தீர்ப்பாகச் சொல்லி 14 ஆண்டு தண்டனை கொடுத்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் வில்கி காலின்ஸ் எழுதிய 'சந்திரக்கல்' தொடர்கதை வந்தது. அதில் காணாமல் போவது ஒரு வைரம். அந்த வைரம் நம் நாட்டுடையது. கதை தொடங்கும் இடம் ஸ்ரீரங்கப்பட்டணம், நாள் 1799 மே 4, திப்பு சுல்தான் வீழ்ந்த தினம். ஆங்கிலப் படையின் ஹெர்ன்காஸ்டில் என்ற அதிகாரி, காவலர்களைக் கொன்று சோமநாதபுரத்துச் சந்திரனின் நெற்றிக்கல்லைத் திருடுகிறார். அதை மீட்க மூன்று பிராமணர்கள் தலைமுறை தாண்டித் துரத்துகிறார்கள். கதைக்கு ஆதாரமாகக் காலின்ஸ் தன் முன்னுரையில் குறிப்பிடுவது இரண்டு வைரங்களை: ஒன்று கோஹினூர், மற்றது ரஷ்யச் சக்கரவர்த்தியின் செங்கோலில் பதித்த கல். இந்த இரண்டாவது கல் ஆர்லோவ் வைரம். காவிரிக் கரையின் ஸ்ரீரங்கம் கோயில் மூர்த்தியின் கண்ணாக இருந்தது, பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்த ஒருவன் களவாடினான் என்பது அதைப் பற்றி வழங்கிவரும் கதை. மெய்யோ பொய்யோ, ஆங்கிலத் துப்பறியும் நாவலின் பிறப்பில் காவிரிக்கரை வாடையும் கொஞ்சம் வீசுகிறது.

வைரம் திருடு போனதும் லண்டனிலிருந்து வருகிறார் சார்ஜென்ட் கஃப். ஒல்லி, நரை, எஃகு நிறக் கண்கள். விசாரணைக்கு வந்த இடத்தில் தோட்டக்காரரோடு ரோஜாப் பாத்திகளைப் பற்றிச் சண்டை போடுகிறார். அவர் தேடுவதும் ஓர் இரவு உடைதான். கதவில் புதிதாய்ப் பூசிய வர்ணம் ஒட்டிய இரவு உடை. ரத்தத்தை வர்ணமாக்கிவிட்டார் காலின்ஸ், அவ்வளவே. விச்சரைப் போலவே கஃபும் கனவான் வீட்டுப் பெண்ணின் மேல் சந்தேகப்படுகிறார். அவரும் அவமானத்தோடு வெளியேறுகிறார். உத்தியோகத்தை விட்டு டார்க்கிங் ஊரில் ஒரு குடிசை வாங்கி ரோஜா வளர்க்கிறார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. நாவல் வந்த 1868-இல் கான்ஸ்டன்ஸ் வாக்குமூலம் கொடுத்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது. விச்சர் சொன்னது சரி என்று காலின்ஸுக்கும் அவருடைய வாசகர்களுக்கும் தெரியும். இருந்தும் கதையில் துப்பறிவாளர் தப்பாகச் சந்தேகிக்கிறார், பெண் நிரபராதி. நிஜத்தில் சரியாகச் சொல்லித் தோற்றவர், கதையில் தவறாகச் சொல்லித் தோற்கிறார். மகள் குற்றவாளி என்ற முடிவை 1865-க்குப் பிறகும் வாசகர் மனம் ஏற்கவில்லை போலும். அல்லது, தவறே செய்யாத துப்பறிவாளர் சுவாரஸ்யமற்றவர் என்று காலின்ஸுக்குத் தோன்றியிருக்கலாம். கஃப் ரோஜாத் தோட்டத்திலிருந்து திரும்பி வருவதும் அந்தத் தவறினால்தான். வாங்கிய சம்பளத்துக்கு வேலையைச் சரியாகச் செய்யவில்லை, கடன் பாக்கி இருக்கிறது என்று சொல்லித்தான் வருகிறார். இந்த முறை குற்றவாளியின் பெயரை முன்கூட்டியே எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறார். தேம்ஸ் கரைச் சத்திரம் ஒன்றில் கறுத்த மாலுமி ஒருவன் தலையணையால் அமுக்கிக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். கஃப் அந்த முகத்து வேஷத்தைக் கலைக்கிறார். கறுப்புச் சாயத்துக்குக் கீழே இருப்பது தர்ம காரியங்களில் முன்நிற்கும் வெள்ளைக்காரக் கனவான் காட்ஃபிரே ஏபிள்வைட். உறையில் இருந்த பெயரும் அதுவே.

1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியர்களைப் பூண்டோடு அழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதிய டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில்தான் இது வெளியானது என்பதை மறக்கக்கூடாது. கதையில் வந்த மூன்று இந்தியர்கள் மேல்தான் எல்லோருக்கும் முதலில் சந்தேகம். வைரத்தை எடுத்தவர்களோ ஆங்கிலேயர்கள். கொலை செய்து கல்லை மீட்ட பிராமணர்களைக் காலின்ஸ் தூக்குமேடைக்கு அனுப்பவில்லை. கல் சோமநாதபுரத்துக்குத் திரும்பிவிடுகிறது. கோஹினூர் விஷயத்தில் நாவலாசிரியருக்கு இருந்த தாராளம் அரசாங்கத்துக்கு இன்னும் வரவில்லை.

விச்சர் இந்த நாவலைப் படித்தாரோ என்னவோ. 1866-இல் மறுமணம் செய்துகொண்டு, கடைசிக் காலத்தில் லண்டனின் தென்பகுதியில் லாவெண்டர் ஹில் என்று பூவின் பெயர் கொண்ட இடத்தில் வாழ்ந்து, 1881 ஜூனில் இறந்தார். பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் மறுபடி மேடைக்கு வந்தது 2008-இல், கேட் சம்மர்ஸ்கேல் எழுதிய 'திரு. விச்சரின் சந்தேகங்கள்' நூலில். அது அந்த ஆண்டின் சாமுவேல் ஜான்சன் பரிசை வென்றது. 2011-இல் பிரிட்டனின் ஐடிவி அதைப் படமாக்கியது. பேடி கான்சிடைன் விச்சராக நடித்தார். பிறகு 2013, 2014 ஆண்டுகளில் மேலும் மூன்று படங்கள் வந்தன. அவற்றில் போலீசை விட்ட விச்சர் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய மர்மத்துக்குள் இழுக்கப்படுகிறார். அவை எல்லாம் கற்பனை வழக்குகள். நிஜ மனிதரிடமிருந்து பிறந்த கஃபின் பாணியை நிஜ மனிதருக்கே திருப்பி அணிவித்துவிட்டார்கள்.

கான்ஸ்டன்ஸ் 20 ஆண்டு சிறையில் கழித்து 1885 ஜூலையில் வெளியே வந்தாள். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனாள். அங்கே அவள் ரூத் எமிலி கே. நர்ஸ் பயிற்சி பெற்று, தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, நர்சுகள் விடுதி ஒன்றின் தலைவியாக இருந்து, 1944 ஏப்ரலில் சிட்னியில் 100 வயது நிறைந்து இறந்தாள். நூறாவது பிறந்தநாளுக்கு அரண்மனையிலிருந்து வாழ்த்துத் தந்தி வந்தது. வாழ்த்தப்பட்டவர் யார் என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியாது. அந்த நர்சும் கான்ஸ்டன்ஸும் ஒருவரே என்று வெளியுலகம் அறிந்தது 1970-களின் இறுதியில்தான்.

அவளோடு சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிய தம்பி வில்லியம் புகழ்பெற்ற கடல்வாழ் உயிரியல் அறிஞரானார். அவரும் ஆஸ்திரேலியா போய், கிரேட் பேரியர் பவளப்பாறைத் தொடரைப் பற்றி 1893-இல் எழுதிய புத்தகத்தால் நிலைத்த பெயர் பெற்றார். முத்துச்சிப்பி வளர்ப்பில் முன்னோடி. 1860-இல் விச்சர் தன் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய அறிக்கைகளில் வில்லியம் மேலும் ஒரு கண் வைத்திருந்தார். உறங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, படியிறங்கி, ஜன்னலைத் திறந்து, சத்தமில்லாமல் வெளியேற ஓர் ஆள் போதுமா என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. சம்மர்ஸ்கேலின் நூலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. கான்ஸ்டன்ஸ் முழுப் பழியையும் ஏற்றது தம்பியைக் காப்பாற்றவோ?

1928-இல் ஜான் ரோட் என்ற எழுத்தாளர் இந்த வழக்கைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்குப் பிறகு பதிப்பாளருக்குச் சிட்னியிலிருந்து கையெழுத்தில்லாத நீண்ட கடிதம் ஒன்று வந்தது. கான்ஸ்டன்ஸின் குழந்தைப் பருவம், இறந்த தாயை இளையாள் இழிவாகப் பேசியது, பிள்ளைகளின் மனப்புழுக்கம் எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதியது போல அதில் இருந்தன. இதற்கு ஏதாவது பணம் வருமானால் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அனுப்பிவிடுங்கள் என்று வேண்டுகோளும் இருந்தது. எழுதியவர் அவளேதான் என்று பலரும் கருதுகிறார்கள். கடிதத்தில் கான்ஸ்டன்ஸ் 'அவள்' என்றே குறிப்பிடப்படுகிறாள்.

அடுப்புப் பொந்தில் கிடந்த ரத்தக்கறை உள்ளாடை யாருடையது என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.